குறுகிய காலப் படிப்புக்கு எந்த விசா? படிப்படியாகப் பார்ப்போம்

மூன்று வார மொழி வகுப்புதானே, டூரிஸ்ட் விசாவிலேயே போய்விட்டு வந்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் ஒரு பக்கம். படிப்பு என்ற சொல் வந்துவிட்டாலே மாணவர் விசாதான் என்று கட்டணத்தைக் கட்டிவிட்டு வாரக்கணக்கில் காத்துக்கிடப்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேரும் செய்கிற தப்பு ஒன்றுதான்: சேரப்போகிற படிப்பைச் சரியாகப் பார்க்காமல் விசாவின் பெயரைப் பார்க்கிறார்கள். அதனால் தூதரகத்தின் வெப்சைட்டை அப்புறம் திறக்கலாம், முதலில் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஆஃபர் லெட்டரைப் படியுங்கள்

கல்லூரியோ பயிற்சி நிலையமோ அனுப்பிய கடிதத்திலிருந்து நான்கு விஷயங்களைத் தாளில் எழுதுங்கள். வகுப்பு தொடங்கும், முடியும் தேதிகள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம். கடைசியில் கையில் என்ன கிடைக்கும்: கலந்துகொண்டதற்கான வெறும் சான்றிதழா, பட்டப்படிப்பில் சேரும் கிரெடிட்டா? நான்காவது, நடுவில் இன்டர்ன்ஷிப் மாதிரி வேலை ஏதாவது ஒளிந்திருக்கிறதா? கடிதத்தில் இவை இல்லையென்றால் மெயில் போட்டுக் கேளுங்கள், பதில் வரும்வரை விசாவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மூன்றாவதை நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனால் அமெரிக்காவில் விஷயமே அதில்தான் இருக்கிறது.

படி 2: நாட்களை விரல்விட்டு எண்ணுங்கள்

எண்ண வேண்டியது வகுப்பு நடக்கும் நாட்களை அல்ல, அந்த நாட்டு மண்ணில் நீங்கள் இருக்கப்போகும் நாட்களை. ஒரே விசாவில் பல நாடுகளுக்குள் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதியை எடுத்துக்கொள்வோம். அங்கே குறுகிய கால விசாவான 'சி' வகையில், எந்த 180 நாட்களை எடுத்தாலும் அதற்குள் 90 நாள் வரைதான் தங்கலாம், இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் உண்டு. உங்களுடையது 12 வார வகுப்பு. திங்கள் தொடங்கி பன்னிரண்டாவது வாரத்தின் வெள்ளியில் முடிந்தால் 82 நாள். அறை தேட, ஊர் பழக என்று முந்தைய வியாழனே போய் இறங்கினால் 86. முடிந்ததும் நாலு இடம் பார்த்துவிட்டு அடுத்த புதன் விமானம் ஏறுகிறீர்கள், 91. போச்சு! ஒரே ஒரு நாள் தாண்டினாலும் தாண்டியதுதான். அதே 180 நாள் வட்டத்துக்குள் ஏற்கெனவே ஒரு வாரம் சுற்றுலா போயிருந்தால் அந்த ஏழு நாளும் இதே 90-க்குள் சேரும். செவ்வாயே கிளம்புங்கள், இல்லையென்றால் படிக்கும் நாட்டின் 'டி' வகை நீண்டகால விசாவுக்குப் போங்கள்.

விசாவே தேவையில்லாத பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கும் இந்த 90 நாள் கணக்கு உண்டு. விசா இல்லாமல் உள்ளே விடுகிறார்கள் என்பதால் இஷ்டத்துக்குப் படிக்கவும் விடுவார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

படி 3: அந்த நாடு எல்லைக்கோட்டை எங்கே போட்டிருக்கிறது?

ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு இடத்தில் போட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் விசிட்டர் விசாவில் மூன்று மாதம் வரை படிக்கலாம், அதற்கு மேல் என்றால் மாணவர் விசா, அதாவது சப்கிளாஸ் 500. கனடாவில் ஆறு மாதமோ அதற்குக் குறைவோ ஆன படிப்புக்கு ஸ்டடி பெர்மிட் வேண்டாம். ஆனால் உள்ளே நுழைய விசிட்டர் விசாவோ மின்னணு பயண அனுமதியோ வேண்டும், உங்களுக்குக் கொடுத்த தங்கும் காலத்துக்குள் படிப்பையும் முடித்தாக வேண்டும். விசிட்டர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதே ஆறு மாதம்தான் என்பதால், சரியாக ஆறு மாதம் ஓடும் படிப்பை அப்படிப் போய்ப் படிப்பது கத்தி மேல் நடக்கிற வேலை. நானாக இருந்தால் பெர்மிட்டே எடுத்துவிடுவேன்.

பிரிட்டனில் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் என்றால் விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வரை படிக்கலாம். அதற்கு மேல் 11 மாதம் வரை 'குறுகிய காலப் படிப்பு' விசா என்று தனியாக ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அது 16 வயது நிரம்பியவர்கள் ஆங்கிலம் கற்றுக்கொள்ள மட்டும்தான். ஏழு மாத போட்டோகிராபி படிப்புக்கு அது உதவாது, மாணவர் விசாதான் வழி.

அமெரிக்கா வேறு மாதிரி யோசிக்கிறது. அங்கே காலம் எவ்வளவு என்பதை விட எதற்காகப் படிக்கிறீர்கள் என்பதே முதல் கேள்வி. சுற்றிப்பார்க்கப் போன இடத்தில் பொழுதுபோக்காக இரண்டு நாள் சமையல் வகுப்பில் உட்காரலாம், பி-2 என்ற சுற்றுலா விசா போதும். ஆனால் பட்டத்தில் சேரும் கிரெடிட் கிடைக்கும் என்றால் மூன்றே வாரமானாலும் விசிட்டராகப் படிக்கக் கூடாது. கல்லூரியோ மொழிப் பள்ளியோ என்றால் பெரும்பாலும் எஃப்-1, தொழிற்பயிற்சிக்கு எம்-1, எக்ஸ்சேஞ்ச் திட்டத்துக்கு ஜே-1. எது என்பதை நீங்களாக ஊகிக்க வேண்டியதில்லை: நிறுவனம் ஐ-20 படிவம் அனுப்பினால் எஃப் அல்லது எம், டிஎஸ்-2019 அனுப்பினால் ஜே.

ஜப்பானில் 90 நாளுக்குள் முடிகிற வகுப்பு என்றால் குறுகிய கால வருகையாளராகவே போகலாம். நீண்ட மொழிப் படிப்புக்கு, பள்ளி உங்களுக்காக அங்கேயே விண்ணப்பித்துத் தகுதிச் சான்றிதழ் வாங்கி அனுப்பும், அதை வைத்துத்தான் மாணவர் விசா கேட்பது வழக்கம்.

வேலை விஷயத்தில் எல்லா நாட்டுக்கும் ஒன்றே சொல்லலாம், விசிட்டராகப் போய் வேலை தேடாதீர்கள். சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப்பையும் பல இடங்களில் வேலையாகத்தான் பார்க்கிறார்கள்.

படி 4: படிப்பு முடிந்ததும் என்ன?

பிடித்துப் போனால் அங்கேயே அடுத்த படிப்பில் சேர்ந்துவிடலாம் என்று மனதின் ஓரத்தில் ஒரு எண்ணம் இருக்கிறதா? இருந்தால் இப்போதே தாளில் எழுதுங்கள். போன பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது எல்லா இடத்திலும் நடக்காது. பிரிட்டனில் விசிட்டராக இருந்துகொண்டே மாணவர் விசாவுக்கு மாற முடியாது. ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை 1 முதல், விசிட்டர் விசாவில் இருப்பவர்கள் நாட்டுக்குள் இருந்தபடி மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும் வழியை மூடிவிட்டார்கள். இரண்டு இடத்திலும் வெளியே வந்துதான் மறுபடி தொடங்க வேண்டும். அப்படி ஓர் ஆசை இருந்தால் செலவு கொஞ்சம் கூடினாலும் முதலிலேயே மாணவர் விசா கேட்பது நல்லது.

படி 5: விண்ணப்பம்

இதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஆஃபர் லெட்டர், பணம் இருப்பதற்கான ஆதாரம், தங்குமிடம், படிப்பு முடிந்தால் திரும்பி வருவதற்கான காரணம். ஷெங்கனுக்கு இவற்றோடு குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, ஷெங்கனை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குள் நெருங்கிவிட்டால் பொதுவாக வாங்க மாட்டார்கள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், படிவத்தை நிரப்பும் நாளன்று அந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் பக்கத்தை இன்னொரு முறை பாருங்கள். நண்பருக்குப் போன வருடம் கிடைத்தது என்பதெல்லாம் கணக்கில் வராது. விமான டிக்கெட்டை விசா கைக்கு வந்த பிறகு வாங்குங்கள், முன்பே காட்டச் சொன்னால் பணம் திரும்பக் கிடைக்கிற முன்பதிவாகப் போடுங்கள்.

படி 6: ஸ்டிக்கரைப் படியுங்கள்

விசா வந்ததும் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டு பாஸ்போர்ட்டை மூடி வைத்துவிடுவோம். என் முதல் ஷெங்கன் விசாவை நானும் அப்படித்தான் செய்தேன். ஸ்டிக்கரில் 'முதல்', 'வரை' என்று இரண்டு தேதிகள் இருந்தன, இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டரை மாதம், கடைசித் தேதிக்கு ஒரு நாள் முன்பாகத் திரும்பும் டிக்கெட்டைப் போட்டாயிற்று. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, தங்கும் நாட்கள் என்ற கட்டத்தில் 60 என்றல்லவா இருக்கிறது என்றார். அந்தத் தேதிகள் விசாவை எப்போது பயன்படுத்தலாம் என்று சொல்கின்றன, எத்தனை நாள் இருக்கலாம் என்பதைச் சொல்வது அந்தச் சின்னக் கட்டம்தான். டிக்கெட்டை மாற்ற ஆன செலவில் இன்னொரு வாரம் வகுப்புக்கே போயிருக்கலாம்.

அமெரிக்காவில் இதையே வேறு விதமாகச் செய்கிறார்கள்: எத்தனை நாள் தங்கலாம் என்பதை விசா சொல்லாது, இறங்கியதும் பதிவாகும் ஐ-94 என்ற வருகைப் பதிவுதான் சொல்லும். அதை ஆன்லைனில் எடுத்துப் பார்த்து, படி 1-இல் எழுதிய தாளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆஃபர் லெட்டரின் நகலைக் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் போட்டால் குடிவரவு அதிகாரி கேட்கும்போது அது இன்னும் கன்வேயர் பெல்ட்டில்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.