மேடான் பொலோனியாவில் வீடோ கடையோ பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இந்தோனேசியாவின் சுமத்ரா தீவிலுள்ள மேடான் நகரம் வந்துவிடும். சன் பிளாசா வணிக வளாகத்திலிருந்து சற்று தூரம் நடந்தாலே ஸ்ரீ மாரியம்மன் கோயில் கோபுரம் கண்ணில் படும். மேடானைச் சுற்றியுள்ள டெலி பகுதியின் புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழர்கள் 1884-இல் எழுப்பிய கோயில் அது. அதைப் பார்த்ததும் ‘இது நம்ம இடம்’ என்று மனம் நெகிழ்வது இயல்புதான். ஆனால் அந்த நெகிழ்ச்சியோடு நிலமோ கடையோ பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள். அந்த மண்ணின் சட்டமும் அதன் பழைய வழக்குகளும் நமக்குப் பழக்கப்பட்டவை அல்ல.

பெயரிலிருந்தே தொடங்குகிறேன். கோயிலைச் சுற்றியுள்ள இந்த வட்டாரத்தை முன்பு ‘கம்போங் கெலிங்’ என்றார்கள். வண்டிக்காரர்கள் சிலர் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள். ‘கெலிங்’ என்பது தென்னிந்தியரைத் தாழ்த்திச் சொல்லும் சொல்லாகிவிட்டதால் பெயரைக் ‘கம்போங் மாட்ராஸ்’ என்று மாற்றினார்கள். வெளியூரிலிருந்து வரும் நாம் பழைய பெயரை விளம்பரப் பலகையிலோ பேச்சிலோ பயன்படுத்தினால், அங்கே தலைமுறைகளாக வாழும் தமிழர்களின் மனம் நோகும்.

அடுத்த குழப்பம் முகவரியில். மேடான் மாநகரம் 21 கெச்சமாத்தான்களாக, அதாவது நகர வட்டங்களாக, பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தலைவராக ஒரு சமாட், அதற்குக் கீழே உள்ள கெலுராகான் என்ற உட்பிரிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு லூரா. இருவரும் அரசு நியமிக்கும் அதிகாரிகள், தேர்தலில் வந்தவர்கள் அல்ல. மேடான் பொலோனியா ஏறத்தாழ 9 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கெச்சமாத்தான். அங்ருங், மாட்ராஸ் ஹூலு, பொலோனியா, சாரி ரெஜோ, சுக்கா டாமாய் என அதற்கு 5 கெலுராகான்கள். ‘லிட்டில் இந்தியா’ எனப்படும் கம்போங் மாட்ராஸ் முழுவதும் இதற்குள் அடங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. சன் பிளாசா மாட்ராஸ் ஹூலுவில் இருக்கிறது. மாரியம்மன் கோயிலோ மேடான் பெத்திசா என்ற வேறொரு கெச்சமாத்தானைச் சேர்ந்தது. சில நிமிட நடைக்குள் சமாட்டும் லூராவும் மாறிவிடுவார்கள். கடைக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே அது எந்த கெலுராகானில் வருகிறது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அதற்குக் கீழே ‘லிங்குங்கான்’ என்ற தெரு அளவிலான பிரிவும் உண்டு. அதன் தலைவரை ‘கெப்லிங்’ என்பார்கள். எந்த வீட்டில் என்ன தகராறு என்று தரகரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவரைப் பார்க்காமல் நிலம் வாங்காதீர்கள்.

எல்லாக் காகிதமும் பத்திரம் அல்ல

பெரும்பணம் போவது இங்கேதான். இந்தோனேசியாவின் 1960-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி முழு உரிமைக்கு ‘ஹாக் மிலிக்’ என்று பெயர். நில அலுவலகம் தரும் சான்றிதழே அதற்கு வலுவான ஆதாரம். ஆனால் மேடானில் விற்பனைக்கு வரும் இடங்களில் பலவற்றுக்கு அந்தச் சான்றிதழ் இருக்காது. ‘சூராட் சமாட்’ இருக்கும். இன்னார் இந்த நிலத்தை அனுபவித்து வருகிறார் என்று சமாட் முன்னிலையில் எழுதப்பட்ட கடிதம் அது. டெலி சுல்தான் காலத்து ‘கிராண்ட் சுல்தான்’ என்ற நில ஆவணங்களையும் சிலர் எடுத்துக் காட்டுவார்கள். இவை வரலாற்று மதிப்புள்ளவை, உரிமை கோர அடிப்படையாகவும் உதவலாம். பதிவான சான்றிதழுக்கு இவை ஈடாகாது. நில வரி ரசீதும் அப்படித்தான். வரி கட்டியதால் மட்டும் ஒருவர் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார்.

சான்றிதழ் இருந்தாலும் நம் ஊரில் வில்லங்கம் பார்ப்பதுபோல அங்கே நில அலுவலகத்தில் அதைச் சரிபார்க்க வேண்டும். அடமானம், வழக்கு, தடை எல்லாம் அப்போதுதான் வெளிவரும். விற்பனைப் பத்திரத்தை அதற்கென அரசு நியமித்த நிலப்பத்திர அதிகாரி முன் எழுத வேண்டும். விலை பேசும்போதே வரியையும் பேசிவிடுங்கள். விற்பவருக்கு 2.5 விழுக்காடு வருமான வரி, வாங்குபவருக்கு விலக்குத் தொகை போக 5 விழுக்காடு உரிமை மாற்று வரி.

காகிதம் எவ்வளவு முக்கியம் என்பதை சாரி ரெஜோ மக்களைக் கேட்டால் தெரியும். பழைய விமான நிலையத்தை ஒட்டிய அந்தக் குடியிருப்பில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக வாழ்கின்றன. பள்ளி, கடை, வழிபாட்டிடம் எல்லாம் உண்டு. நிலம் தன்னுடையது என்கிறது விமானப்படை. குடியிருப்பவர்களில் ஒரு பகுதியினருக்குச் சாதகமாக உச்ச நீதிமன்றமே 1995-இல் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த இடம் அரசுச் சொத்துப் பட்டியலில் விமானப்படையின் பெயரில் இருப்பதால், தீர்ப்பு கையில் இருந்தும் சான்றிதழ் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2016 ஆகஸ்டில் நடந்த போராட்டம் மோதலில் முடிந்து, படைவீரர்கள் தாக்கியதில் குடியிருப்பாளர்களும் பத்திரிகையாளர்களும் காயமடைந்தார்கள். ‘சுற்றிலும் பெரிய விலை கேட்கும்போது இங்கே மட்டும் ஏன் இவ்வளவு மலிவு’ என்று யோசிக்காமல் வாங்குபவர், நிலத்தோடு அந்த வழக்கையும் சேர்த்தே வாங்குகிறார். அவர் பணம் மட்டும் மாட்டிக்கொள்வதில்லை. அவர் விலை பேசுவது ஒரு குடும்பம் தன் வாழ்நாள் முழுக்கப் போராடிக் காக்கும் கூரையை.

பினாமி வேண்டாம்

வெளிநாட்டவர் ஹாக் மிலிக் வைத்திருக்க முடியாது. ‘உள்ளூர் நண்பர் பெயரில் வாங்கி, தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அதே 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு இதை நேராகக் குறிப்பிடுகிறது: அந்தப் பரிமாற்றம் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. நண்பர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. அவர் காலமாகிவிட்டால் அவருடைய வாரிசுகளிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

நேர்வழி இருக்கிறது. உரிய குடிவரவு ஆவணங்கள் உள்ள வெளிநாட்டவர் ‘ஹாக் பக்காய்’ என்ற பயன்பாட்டு உரிமையில் வீடு வாங்கலாம். 2021-ஆம் ஆண்டு அரசாணைப்படி அதன் காலம் 30 ஆண்டுகள், நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30. தொழில் என்றால் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் பதிவு செய்து, அதன் பெயரில் ‘ஹாக் குனா பாங்குனான்’ என்ற கட்டட உரிமை பெறலாம். அத்தகைய நிறுவனத்தின் முதலீடு, நிலமும் கட்டடமும் நீங்கலாக, பொதுவாக 1,000 கோடி ரூபியாவுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு சின்ன தோசைக் கடைக்கு இது பொருந்தாது. உள்ளூர்க்காரரின் கடையில் வாடகைக்கு இருந்துகொண்டு, அவருடைய உரிமத்தை உங்களுடையதாக நினைத்து முதலீடு போடுவதும் பினாமிதான்.

விமானம் போய்விட்டது, தளம் போகவில்லை

1872-இல் இங்கே நிலச் சலுகை பெற்ற போலந்துப் பிரபு மிகால்ஸ்கி தன் தாய்நாட்டின் பெயரை இந்த இடத்துக்கு வைத்தார். அந்தப் பெயரே பின்பு விமான நிலையத்துக்கும் வந்தது. 2013 ஜூலை 25 அன்று பயணிகள் விமானங்கள் குவாலாநாமு என்ற புதிய விமான நிலையத்துக்கு மாறின. உடனே பொலோனியாவில் வானுயரக் கட்டடங்கள் வரும் என்று பேச்சுக் கிளம்பியது. ஆனால் ஓடுபாதை சுவொண்டோ என்ற பெயரில் விமானப்படைத் தளமாகத் தொடர்கிறது. எனவே ‘இனி உயரக் கட்டுப்பாடே இல்லை’ என்ற தரகரின் வாய்ச்சொல்லை நம்பி மாடிக் கணக்குப் போடாதீர்கள். நகரத் திட்ட வரைபடத்தில் அந்த மனையின் நிறத்தைப் பாருங்கள் (எந்தப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டது என்பதை அது காட்டும்), கட்டட அனுமதிக்கு எத்தனை மாடி ஏற்கப்படும் என்று எழுத்தில் கேளுங்கள். 2021-க்குப் பிறகு கட்டட அனுமதி முறையே மாறிவிட்டது. பழைய அனுமதி எந்தப் பயன்பாட்டுக்குத் தரப்பட்டது என்று பார்க்காமல் வீட்டைக் கடையாக மாற்றத் தொடங்கக் கூடாது.

கடைசியாக, ஆறுகள். ஒரு பக்கம் டெலி ஆறு, மறுபக்கம் பபுரா ஆறு. மேடானில் தூறல்கூட இல்லாத நாளில் தெற்கே மலைப்பக்கம் பெய்த மழை ராத்திரியில் வீட்டுக்குள் வரும். ‘பஞ்சிர் கிரிமான்’ என்பார்கள், அதாவது அனுப்பிவைக்கப்பட்ட வெள்ளம். வெயில் நாளில் மட்டும் மனை பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் நீர்க்கறை எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். போன வெள்ளத்தில் குளிர்சாதனப் பெட்டியை எங்கே தூக்கி வைத்தீர்கள் என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், அவர் கையைக் காட்டிச் சொல்வார்.