டர்பனிலிருந்து சென்னைக்கு எத்தனை மணி நேரம்? கணக்கில் விடக்கூடாத தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் இணையத்தில் டர்பன், சென்னை என்று தட்டினால் தூரம் ஏறக்குறைய 7,100 கிலோமீட்டர் என்று வரும். விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் போகும், அப்படியானால் சுமார் எட்டரை மணி நேரம் என்று வகுத்துப் பார்த்து, ஊரில் இருப்பவர்களுக்கு வந்து சேரும் நேரத்தையும் சொல்லிவிடுகிறார்கள். முதல் தவறே இதுதான். அந்த 7,100 என்பது பூமி உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்து அளந்த தூரம், அந்த நூல் வழியாகவே பறக்கிற விமானம் நமக்கு இல்லை. டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்தில் ஏறி துபாய் வழியாகப் போனால் முதலில் சுமார் 6,600, அப்புறம் சென்னைக்கு 2,900, ஆக மொத்தம் 9,500 கிலோமீட்டர். விமானத்துக்குள் உட்கார்ந்திருப்பது மட்டுமே பன்னிரண்டரை மணி நேரம்.

அடுத்தது கடிகாரம். டிக்கெட்டில் இருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். நமக்கும் துபாய்க்கும் 2 மணி நேர வித்தியாசம், இந்தியாவுக்கு மூன்றரை. உதாரணமாக மாலை 7 மணிக்கு டர்பனில் கிளம்பி, துபாயில் நாலு மணி நேரம் காத்திருந்து, மறுநாள் மதியம் 3 மணிக்குச் சென்னையில் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே கழித்தால் 20 மணி நேரம், ஆனால் உண்மையில் பதினாறரைதான். திரும்பி வரும்போது இதே பயணம் வெறும் 13 மணி நேரம் போலத் தெரியும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் டிக்கெட் நேரத்தைப் பார்த்து வேளையை முடிவு செய்யாமல், டாக்டரிடம் மொத்த மணிக்கணக்கைச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.

தேதியிலும் கவனம் வேண்டும், இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் பெரியம்மாவுக்குச் சென்னையிலிருந்து திரும்ப 15-ஆம் தேதி அதிகாலை 3.30-க்கு விமானம். 15-ஆம் தேதி ராத்திரி என்று நினைத்து, எல்லாருக்கும் வாங்கிய துணிமணிப் பெட்டிகளோடு போய் நின்றார், விமானம் போய்ப் பதினெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. அதிகாலை விமானம் என்றால் முந்தின நாள் ராத்திரியே விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.

மலிவாக இருக்கிறதென்று ஜோகன்னஸ்பர்க் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து வேறொன்று என்று தனித்தனியாக வாங்குகிறவர்களும் உண்டு. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் உங்களுக்காகக் காத்திருக்காது, பணத்தைத் திருப்பித் தரவும் வேண்டியதில்லை. பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும், அதற்கு ஒன்றரை மணி நேரம் போதவே போதாது. முடிந்தவரை ஒரே டிக்கெட்டாக எடுங்கள்.

‘டைரக்ட்’ என்ற சொல்லையும் நம்பிவிடாதீர்கள். ஒரே விமான எண்ணில் நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறினாலும் அதற்கு அதே பெயர்தான். நிற்காமல் போகிறதா என்று கேளுங்கள்.

கடைசியாக, நம்மில் பலர் போவது சென்னைக்கே அல்ல. தாத்தாவின் தாத்தா கப்பலேறிய ஊர் வேலூர்ப் பக்கம் என்றால், அது சென்னையிலிருந்து இன்னும் 140 கிலோமீட்டர். மேலே சொன்ன அதே விமானத்துக்கு டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் வீட்டிலிருந்து மதியம் 3 மணிக்கே கிளம்ப வேண்டும். சென்னையில் இறங்கி, குடிநுழைவும் பெட்டியும் முடிந்து, காரில் வேலூர் போய்ச் சேர மறுநாள் இரவு ஏழரை ஆகிவிடும். வாசலிலிருந்து வாசலுக்கு 25 மணி நேரம்.