தன் இறப்பைத் தானே நினைந்திருக்கும் பயிற்சி

ஆடி அமாவாசையில் தந்தையை நினைந்து யாழ்ப்பாணத்துக் கீரிமலையில் தீர்த்தமாடுகின்றோம். சித்திராப் பௌர்ணமியில் தாயை நினைந்து விரதமிருக்கின்றோம். இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியையையும் ஆண்டுத் திதியையும் தவறவிடுவதில்லை. எனினும் இவையனைத்தும் பிறரின் இறப்பை நினைக்கும் நாள்கள். தன்னுடைய இறப்பை நினைப்பதற்குப் பஞ்சாங்கம் நாள் குறித்துத் தருவதில்லை என்பதால், அதை ஒவ்வொருவரும் தாமே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கிழமைக்கொரு நாள், விடியலில் முகம் கழுவியபின், பத்து நிமிடங்கள் போதும். தொடங்குபவர் நாள்தோறும் செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. அன்றாடம் சொல்லும் சொல் விரைவில் வெறும் ஓசையாகிவிடும். விறாந்தையிலோ சுவாமியறையிலோ அமர்ந்து, மூச்சு சீரானதும், குறளின் நிலையாமை அதிகாரத்தில் வரும் ‘நெருநல் உளனொருவன் இன்றில்லை’ என்ற தொடரை மெதுவாகச் சொல்லி, அந்த ஒருவனின் இடத்தில் உங்கள் பெயரை வைத்துப் பாருங்கள். மனம் வேறெங்காவது ஓடினால் மீண்டும் பெயரிலிருந்து தொடங்குங்கள்.

இதனினும் ஆழமாகச் செல்வது, ஆண்டுக்கொருமுறை தன் மரண அறிவித்தலைத் தானே எழுதுவது. எங்கள் பத்திரிகைகளில் வரும் அறிவித்தல்களின் அமைப்பு யாவரும் அறிந்ததே: பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பின்னர் ‘அன்னார்’ எனத் தொடங்கி அன்பு மகனும், பாசமிகு தந்தையும், அன்புச் சகோதரரும் என்று நீளும் உறவுகள், இறுதியில் கிரியை நடைபெறும் நேரமும் மயானமும். பட்டமும் பதவியும் ஓரிரு சொற்களில் முடிந்துவிட, எஞ்சிய வரிகள் உறவையே பேசுகின்றன. அதனாலேயே இந்த வடிவம் இப்பயிற்சிக்கு மிகப் பொருத்தமானது என்று கருதுகிறேன். திகதியை மட்டும் வெறுமையாக விட்டு, முழுவதையும் கைப்பட எழுதுங்கள். ஒவ்வோர் அடைமொழியிலும் நின்று, அது இன்று உண்மைதானா என்று கேளுங்கள். வேலி எல்லைக்காகப் பேச்சை முறித்துக்கொண்ட தம்பிக்கு நீங்கள் அன்புச் சகோதரர்தானா? கனடாவிலுள்ள மகளிடம் நலம் விசாரிப்பதற்கு அப்பால் எதையாவது கேட்டிருக்கிறீர்களா? கை தயங்கும் இடத்தைக் கோடிட்டு, அதற்குரிய ஒரு செயலை அன்று பொழுதுபடுமுன் செய்துவிடுங்கள். செயலின்றி எழுந்தால் வெறும் கலக்கமே மிஞ்சும்.

வீட்டில் அண்மையில் இழவு நேர்ந்தவர்களும், போரில் காணாமற்போன உறவுக்காக இன்னும் காத்திருப்பவர்களும் இப்பயிற்சியை இப்போது மேற்கொள்ள வேண்டாம். அவர்கள் சுமப்பது ஏற்கனவே போதும். இறப்பை நினைக்கையில் இறந்துவிடவேண்டும் என்ற எண்ணம் எழுமாயின், உடனே நிறுத்தி, நம்பிக்கையான ஒருவரிடம் கூறி, மனநல வைத்தியரை நாடுங்கள். இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.

எழுதிய தாளைக் காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதே நாளில் எடுத்து வாசித்து, கோடிட்ட சொற்களில் எவை மாறியுள்ளன என்று பார்த்தபின், புதிதாக எழுதத் தொடங்கலாம்.