பேத்திக்கு மீனாட்சி என்று பெயர் வைப்பதென்றால்

கொழும்பு வெள்ளவத்தையில் நாற்பது வருடமாக இருக்கும் மீனாட்சி நான். அடையாள அட்டையில் ஒரு மீனாட்சி, வங்கிப் புத்தகத்தில் இன்னொருத்தி, கடவுச்சீட்டில் மூன்றாமவள். தமிழில் ஒன்றுதான், ஆங்கில எழுத்தில்தான் பேதம். மூவரும் ஒருத்தியே என்று சத்தியக் கடதாசி (அஃபிடவிட்) முடித்தே களைத்துவிட்டேன்.

முதலில் நட்சத்திரம். மகம் என்றால் பெயரின் முதலெழுத்து ம, மி, மு, மெ. மீனாட்சி அப்படியே பொருந்தும். வேறு நட்சத்திரமானால் சாதகத்துக்கு ஒரு பெயர், பதிவுக்கு ஒரு பெயர் என்று வைப்பவர்களும் உண்டு. மதுரை மீனாட்சிக்கே திருவிளையாடற் புராணத்தில் தடாதகை என்று இன்னொரு பெயர். அவளுக்குக் கடவுச்சீட்டு தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

பெயரை 31ஆம் நாள் துடக்குக் கழிவில், அதாவது பிறப்புத் தீட்டுக் கழிக்கும் சடங்கில், சொல்வோம். பிறப்பைப் பதிய 42 நாள். இடையில் 11 நாள்தான், அதனால் எழுத்துக்கூட்டலை முன்கூட்டியே தீர்மானியுங்கள். ‘ட்சி’க்கு நம்மவர்கள் டி, சி, எச் போடுவார்கள், இந்தியாவில் கே, எஸ், எச். சிங்களத்தில் க்ஷவுக்கு எழுத்து இருப்பதால் அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனாலும் கே, எஸ், எச்தான் வரும். நான் டி, சி, எச் கட்சி. நாங்கள் கூப்பிடுகிற சத்தம் அதில்தான் இருக்கிறது. ‘மீ’க்கு ஈ இரண்டா, ஐ ஒன்றா என்பதையும் முடிவு செய்து, பெரிய எழுத்தில் ஒரு துண்டில் எழுதிப் பதிவாளரிடம் கொடுங்கள். கையெழுத்து வைக்குமுன் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பாருங்கள். பின்னால் ஆள் நின்று அவசரப்படுத்தினாலும் சரி.

தூய தமிழ் வேண்டுமென்றால் அங்கயற்கண்ணி இருக்கிறது. அழகான பெயர். அதை ஆங்கிலத்தில் எழுத எத்தனை சத்தியக் கடதாசி வேண்டுமோ!

மருமகன் ‘பழைய பெயர்’ என்று முகம் சுளிப்பார். மலையகத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாளைச் சொல்லுங்கள்: தோட்டத் தொழிலாளரின் கஷ்டத்தைத் தானே பாட்டாக எழுதி, மலையகக் கூட்டங்களில் தானே பாடியவர். 1951இல் ‘சமைத்துப் பார்’ சமையல் புத்தகத்தை வெளியிட்ட எஸ். மீனாட்சி அம்மாள் இருக்கிறார். கேரளத்து வடகரையில் களரி என்ற சண்டைக்கலையைச் சொல்லிக்கொடுக்கும் மீனாட்சியம்மா எழுபது வயது தாண்டி, 2017இல் பத்மஸ்ரீ வாங்கினார். வாள் பிடித்த அவர் படத்தைக் காட்டினால் பேச்சு அடங்கும்.

அடங்காவிட்டால் அவர் மீனா என்றே கூப்பிடட்டும். பதிவில் முழுப்பெயர் ஏறினால் போதும்.