வீட்டு லைனை வெட்டுவதற்கு முன்னால்

வீட்டு போன் லைனை நிறுத்தச் சொல்லி நிறுவனத்துக்குப் பேசுவது பத்து நிமிட வேலை. நான் அதைத்தான் முதலில் செய்தேன். அதனால் பட்ட பாட்டையும், எந்த வரிசையில் செய்திருக்க வேண்டும் என்பதையும் எழுதுகிறேன்.

சிங்கப்பூரில், அங் மோ கியோவில் ஒரு நாலறை வீட்டில் நானும் அம்மாவும் இருக்கிறோம். அம்மாவுக்கு வயது 81. ஒரு மருந்தகத்தின் (கிளினிக்) கவுன்டரில் உட்கார்ந்து நாள் முழுக்க நோயாளிகளுக்கு போன் அடிப்பது என் பிழைப்பு. 6-இல் தொடங்கும் வீட்டு நம்பரைத் திரையில் பார்த்தாலே எனக்குச் சலிப்பு வரும். பாதி வீடுகளில் மணி அடித்துக்கொண்டே இருக்கும், மீதியில் லைனே இருக்காது. இத்தனை தெரிந்தும் என் வீட்டு விஷயத்தில் புத்தி வேலை செய்யவில்லை.

முதலில் பில்லை எடுத்து நிதானமாகப் படியுங்கள். பல வீடுகளில் வீட்டு லைன் இணையத் திட்டத்தோடு இலவசமாக ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அப்படியானால் அதை வெட்டி ஒரு காசும் மிஞ்சாது, சும்மா இருக்க விடலாம். தனியாகக் கட்டணம் போட்டிருந்தால்தான் லாபம். ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்றும் பாருங்கள். முன்னதாக நிறுத்தினால் பணம் பிடிப்பார்கள். பேசும்போது "இணையம் அப்படியே இருக்கட்டும், போன் மட்டும் வேண்டாம்" என்று இரண்டு தடவை சொல்லுங்கள்.

"கரண்ட் போனாலும் வீட்டு போன் வேலை செய்யுமே" என்று என் அண்ணன் சொன்னார். அது செப்புக் கம்பி காலத்துப் பேச்சு. அப்போது தொலைபேசி நிலையத்திலிருந்து அந்தக் கம்பி வழியாகவே மின்சாரமும் வந்தது. இப்போது ஃபைபர். சுவரோரம் மினுக்கிக்கொண்டிருக்கும் பெட்டிக்குக் கரண்ட் இல்லையென்றால் போனும் செத்துவிடும். அதற்காக லைனை வைத்திருக்க வேண்டியதில்லை. ஹேண்ட்போனுக்கு ஒரு பவர்பேங்க் வாங்கி வைத்தால் போதும்.

அடுத்து எல்லாரும் கேட்பது, பழைய நம்பரையே ஹேண்ட்போனுக்குக் கொண்டுபோக முடியுமா என்று. முடியாது. வீட்டு எண்ணை இன்னொரு நிறுவனத்தின் வீட்டு லைனுக்கு மாற்றலாம், ஹேண்ட்போன் எண்ணை இன்னொரு ஹேண்ட்போன் நிறுவனத்துக்கு மாற்றலாம். 6-இல் தொடங்கும் வீட்டு எண், ஹேண்ட்போனுக்குரிய 8 ஆகவோ 9 ஆகவோ ஆகாது. அதனால் லைனை வெட்டும் அன்றைக்கு அந்த நம்பரும் போய்விடும். வேலை முழுக்க இங்கேதான் இருக்கிறது. அது எங்கெங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்று தேடிப் பிடிக்க வேண்டும்.

அம்மாவிடம் நீல அட்டை போட்ட ஒரு சின்ன நோட்டு உண்டு. அதில் பழைய நம்பர்கள் எல்லாம் ஏழு இலக்கம். 2002 மார்ச் 1ஆம் தேதி வீட்டு எண்களுக்கெல்லாம் முன்னால் 6 சேர்ந்தபோது, அப்பா உட்கார்ந்து சிவப்பு மையில் ஒவ்வொரு நம்பருக்கும் முன்னால் 6 போட்டார். 'ம' வரைக்கும் சிவப்பு, அதற்குப் பிறகு நீலம். பேனா தீர்ந்துவிட்டது போல. அந்த நோட்டில் இருக்கிறவர்களில் எத்தனை பேரிடம் எங்கள் நம்பர் இதே மாதிரி ஒரு நோட்டில் இருக்கும்? அதை நான் யோசிக்கவே இல்லை.

லைனை நிறுத்திய மூன்றாவது வாரம், தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் சித்தப்பா காலமாகிவிட்டார். அவர் வீட்டில் எங்கள் நம்பர் போன் ஸ்டாண்டுக்கு மேலே சுவரில் பென்சிலால் எழுதியிருக்கும். அங்கிருந்து ராத்திரி முழுக்க அதற்குத்தான் அடித்திருக்கிறார்கள். எங்களுக்குச் சேதி மறுநாள் சாயங்காலம், ஜொகூரில் இருக்கும் அத்தை மகன் மூலம்தான் வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஆகவே நீங்கள் இப்படிச் செய்யுங்கள். லைனை வெட்டுவதற்கு மூன்று மாதம் முன்பே போன் பக்கத்தில் ஒரு தாளையும் பேனாவையும் வையுங்கள். யார் அடித்தாலும் பெயரை எழுதி, அந்தப் பேச்சிலேயே புது நம்பரைச் சொல்லிவிடுங்கள். என் தோழி வீட்டில் பிறகு இப்படித்தான் செய்ய வைத்தேன். ஐந்து வாரத்தில் 23 அழைப்பு, அதில் 14 விளம்பரமும் மோசடியும். மீதி ஒன்பதில் ஒன்று கோயிலிலிருந்து, அர்ச்சனைச் சீட்டு விஷயமாக. யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று அவர் போட்டு வைத்திருந்த பட்டியலில் அந்த ஒன்று இல்லவே இல்லை. கடைசி ஒரு மாதத்துக்கு, வீட்டு லைனுக்கு வரும் அழைப்பை ஹேண்ட்போனுக்குத் திருப்பிவிடும் வசதியை நிறுவனத்திடம் கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது. வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு அவர்கள் அடிக்கும் வரை காத்திருக்காமல் நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள். சொன்னால் மட்டும் போதாது, "சுவரில் இருப்பதை அழித்துவிட்டு இதை எழுதுங்கள்" என்றும் சொல்லுங்கள்.

அலுவலகங்களில் மாற்றுவது சலிப்பான வேலை, ஆனால் கடினமில்லை. சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழையும் கணக்கு), வங்கி, மத்திய சேமநிதி, காப்புறுதி, மின்சாரத் தண்ணீர் பில், நகர மன்றம், பேரப்பிள்ளைகளின் பள்ளி. கொண்டோமினியத்தில் இருந்தால் நிர்வாக அலுவலகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் வாசல் இன்டர்காம் நேராக வீட்டு நம்பருக்குத்தான் அடிக்கும், லைன் இல்லையென்றால் விருந்தாளி கேட்டில் நிற்க வேண்டியதுதான். பெரியவர்களின் சிங்பாஸில் அவர்கள் கையில் இருக்கும் ஹேண்ட்போனின் எண்ணையே போடுங்கள், பிள்ளைகளுடையதை அல்ல.

மருந்தக விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், இது என் தொழில். உங்கள் பதிவில் நம்பர் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று உங்களுடையது. அதை எல்லாரும் மாற்றிவிடுவார்கள். இன்னொன்று அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டிய உறவினருடையது. உங்கள் தங்கையின் பதிவில், மாமியாரின் பதிவில், பக்கத்து வீட்டுப் பாட்டியின் பதிவில்கூட அந்த இடத்தில் உங்கள் பழைய வீட்டு நம்பர் உட்கார்ந்திருக்கலாம். அதை நீங்கள் போய் மாற்ற முடியாது, அவர்கள்தான் கேட்டு மாற்ற வேண்டும். யாராவது மயங்கி விழுந்த நாளில்தான் அந்த நம்பரை யாரும் தேடுவார்கள். பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்), மருத்துவமனை, பல் மருத்துவர் மூன்றிலும் தனித்தனியாகக் கேளுங்கள். இன்னொன்று, முன்பதிவு நினைவூட்டல்கள் இப்போது குறுஞ்செய்தியாகத்தான் போகின்றன. வீட்டு எண் மட்டும் கொடுத்தவர்களுக்கு அது போய்ச் சேராது.

சரி, புது போனுக்கு வருவோம். அலமாரியில் கிடக்கும் பழைய பட்டன் போனை எடுத்து அம்மாவுக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். இங்கே 2ஜி சேவையை 2017-இல் நிறுத்திவிட்டார்கள், 3ஜி சேவையை 2024-இல். 4ஜி வழியாகக் குரல் அழைப்பு எடுக்கும் வோல்டே வசதி உள்ள போன்தான் வேண்டும். பட்டன் போனிலும் அப்படிப்பட்டவை கிடைக்கின்றன. கடையில் உங்கள் சிம் கார்டைப் போட்டு, ஒரு தடவை பேசிப் பார்த்து வாங்குங்கள். திட்டத்தைப் பொறுத்தவரை ஒப்பந்தம் இல்லாத, சிம் மட்டும் தரும் திட்டமே பெரியவர்களுக்குப் போதும். உள்ளே வரும் அழைப்புக்குக் காசு உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு நான் திரை போன்தான் வாங்கினேன், ஊர்ப் பேரப்பிள்ளைகளை வாட்ஸப்பில் முகம் பார்க்க வேண்டுமே. முதல் வாரம் ஒரு அழைப்பையும் அவரால் எடுக்க முடியவில்லை. பச்சை வட்டத்தைத் தள்ள வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அம்மா அதைக் காலிங் பெல் மாதிரி அமுக்கினார். இன்னும் பலமாக அமுக்கினார். தேங்காய் துருவிக்கொண்டிருந்த விரல் வேறு, கண்ணாடியில் வழுக்கி எதிர்ப்பக்கம் போய் அழைப்பு துண்டாகிவிடும். "உங்க போன் என் கையைக் கண்டா பயப்படுது" என்றார். சில ஆண்ட்ராய்டு போன்களில் ஒலி கூட்டும் பட்டனை அமுக்கினாலே அழைப்பை எடுக்கும்படி அமைக்கலாம். அதைச் செய்ததும் பிரச்சினை தீர்ந்தது. பட்டன் மேல் ஒரு சின்ன பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்.

இதைவிடப் பெரிய சிக்கல் போனுக்கு இடம் இல்லாதது. வீட்டு போன் நாற்பது வருடமாக சாமி அலமாரிக்குக் கீழே ஒரு முக்காலியில் இருந்தது. மணி அடித்தால் கால் தானாக அங்கே போகும். ஹேண்ட்போனோ தலையணைக்கு அடியில், காய்கறிக் கூடையில், ஒரு தடவை அரிசி டப்பாவுக்குள். அதனால் அதே முக்காலியில் சார்ஜ் செய்யும் தாங்கி ஒன்றைப் பொருத்தினேன். வீட்டில் இருக்கும்வரை போன் அங்கேதான், வெளியே போனால்தான் பைக்குள். மணிச் சத்தத்தைப் பழைய போனின் ட்ரிங் ட்ரிங் ஆக்கி, முழுச் சத்தத்தில் வைத்தேன். எதிர்வீட்டுக்கும் கேட்கிறது. பரவாயில்லை.

இதையெல்லாம் சொல்லித்தர வீட்டில் ஆளுக்குப் பொறுமை இல்லையென்றால் (எனக்கு இல்லை) சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் மின்னிலக்கத் தூதர்கள் இலவசமாக உட்கார்ந்து சொல்லித் தருகிறார்கள். மூத்தோருக்காக 2020-இல் தொடங்கிய திட்டம். மகள் சொன்னால் கோபித்துக்கொள்ளும் அம்மா, அங்கே ஒரு சீனப் பையன் மலாயில் சொன்னதைச் சமர்த்தாகக் கேட்டுக்கொண்டார்.

மோசடி அழைப்பு ஹேண்ட்போனிலும் வரும். சாதாரண அழைப்பில் நம்பருக்கு முன்னால் + குறி இருந்தால் அது வெளிநாட்டிலிருந்து வருகிறது. வங்கி, காவல்துறை என்று சொல்லிக்கொண்டு அப்படி வந்தால் பேசாமல் வைத்துவிடச் சொல்லுங்கள். மோசடி அழைப்புகளைத் தடுக்கும் ஸ்கேம்ஷீல்ட் செயலியைப் போட்டுக் கொடுங்கள், சந்தேகம் வந்தால் அடித்துக் கேட்க 1799 என்ற எண் இருக்கிறது. வெளிநாட்டு அழைப்பை மொத்தமாகத் தடுக்கும் வசதியையும் தொலைபேசி நிறுவனங்கள் தருகின்றன. ஆனால் அதைப் போட்டால் ஊரிலிருந்து வரும் சாதாரண அழைப்பும் நின்றுவிடும், வாட்ஸப் அழைப்பு மட்டும் வரும். சித்தப்பா விஷயத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் அதைப் போடவில்லை. உங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் வாட்ஸப்பில் இருந்தால் போடலாம்.

ஆம்புலன்ஸ் கூப்பிட 995-க்கு அடிப்பதையும் ஒரு தடவை பேசிப் பழக்குங்கள், அடித்துப் பழக்க வேண்டாம். வீட்டு லைனுக்கு ஒரு முகவரி உண்டு, ஹேண்ட்போன் எங்கே வேண்டுமானாலும் இருக்கும். அதனால் புளோக் எண், தெருப் பெயர், மாடி, வீட்டு எண் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், நெஞ்சு வலி அதற்கு அடுத்து. முக்காலிக்கு மேலே சுவரில் இதைப் பெரிய எழுத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒட்டியிருக்கிறேன். பதற்றத்தில் சொந்த வீட்டு எண்கூட மறக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகு நிறுவனத்துக்கு போன் அடியுங்கள். பேசியவர் பெயரையும், அவர் தரும் குறிப்பு எண்ணையும், லைன் நிற்கும் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். திருப்பித் தர வேண்டிய பெட்டி உண்டா என்று கேளுங்கள். கடைசி பில் வந்ததும் பழையதோடு வைத்துச் சரிபாருங்கள்.

போன மாதம் அம்மாவை எங்கள் மருந்தகத்துக்கே அழைத்துப் போனேன். கவுன்டரில் என் சக ஊழியர் நம்பர் கேட்டார். அம்மா "ஆறு" என்று தொடங்கி, நிறுத்தி, என்னைப் பார்த்தார். அப்புறம் கைப்பையைத் திறந்து நீல நோட்டை எடுத்தார். முதல் பக்கத்தில் புது நம்பர், சிவப்பு மையில், அவர் கையெழுத்தில்.