வீட்டில் கார் இன்ஜின் இறக்குகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பத்து ஆண்டு முடிந்த காருக்கு வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்துவிட்டு, இன்ஜினைத் தாமே பிரித்துச் சரிசெய்ய நினைப்பவர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடம் இந்த வேலைக்கான இடம் இல்லை, பெரிய பழுதுவேலைகளுக்கு அங்கே அனுமதியும் கிடையாது. தரைவீட்டில் சொந்தப் போர்ச் இல்லையென்றால் சின் மிங், காக்கி புக்கிட் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பிடம் கொடுத்துவிடுங்கள்.

போர்ச் இருந்தாலும் தரையைப் பாருங்கள். மழைநீர் வடிவதற்காக அது வாசலை நோக்கிச் சரிந்திருக்கும். இன்ஜினைத் தூக்கும் தள்ளு கிரேனின் சக்கரங்கள் சின்னவை; டைல்ஸ் இடுக்கோ சாக்கடைக் கம்பியோ போதும், சட்டென்று நின்றுவிடும். மேலே தொங்கும் இன்ஜின் நிற்காது, முன்னே ஆடும். அப்போதுதான் கிரேன் கவிழ்கிறது. போர்ச் கூரைக் கம்பியில் செயின் பிளாக் (சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கருவி) மாட்டவே கூடாது. அது வெயிலையும் மழையையும் தாங்கக் கட்டியது.

கிரேன் மேல் 'இரண்டு டன்' என்று எழுதியிருப்பதை அப்படியே நம்புவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. அந்த இரண்டு டன், கிரேனின் கையை முழுக்க உள்ளே இழுத்து வைத்திருக்கும்போதுதான். வெளியே நீட்ட நீட்டத் தாங்கும் எடை குறையும். இந்த வகைக் கிரேன்கள் பலவற்றில் கடைசித் துளையில் அரை டன்தான். கையில் ஒவ்வொரு துளைக்கும் எடை எழுதியிருக்கும், அதைப் படியுங்கள். கையை நீட்டினால் கிரேனின் கால்களையும் நீட்ட வேண்டும்.

அப்புறம் சங்கிலி. நான்கு சிலிண்டர் இன்ஜின் 150 கிலோ என்று வையுங்கள். சங்கிலியின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய நேராகத் தொங்கினால் பக்கத்துக்கு 75 கிலோ. அதையே குட்டையாக மாட்டி, தரைக்கு இணையான கோட்டிலிருந்து 30 டிகிரியில் படுக்கவிட்டால், ஒவ்வொரு பக்கமும் முழு 150 கிலோவை இழுக்கும். சங்கிலியை மாட்டிய போல்ட்டும் பக்கவாட்டில் வளையும். அதனால் சங்கிலி நீளமாக இருக்கட்டும். இன்ஜினிலேயே தூக்குவதற்கென்று கொக்கி வைத்திருந்தால் அதில்தான் மாட்ட வேண்டும். பிளாஸ்டிக் மூடியிலோ காற்று உள்ளே போகும் இன்டேக்கிலோ மாட்டாதீர்கள்.

பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுவது, பெட்ரோல் குழாயின் அழுத்தத்தை இறக்குவது, இன்ஜின் ஆறிய பிறகே கூலண்ட் வடிப்பது, இவை பலருக்கும் தெரியும். ஏர்கான் குழாயைத்தான் அவசரத்தில் கழற்றிவிடுவார்கள். வேண்டாம், உள்ளே கேஸ் அழுத்தத்தில் இருக்கிறது. இடம் இருந்தால் கம்ப்ரசரைக் குழாயோடு அவிழ்த்து ஓரமாகக் கட்டிவிடலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒருமுறை இன்ஜின் பாதி எழுந்து நின்றுவிட்டது. கிரேனை இன்னும் நாலு தடவை பம்ப் செய்தால் வந்துவிடும் என்று நினைத்தேன். பின்பக்கம் ஒரு எர்த் ஒயர் கழற்றாமல் இருந்தது. அது அறுந்தவுடன் இன்ஜின் பின்னால் ஆடியது, உதவிக்கு நின்ற தம்பியின் விரல் இடையில் மாட்டி நசுங்கியது. எடை குறையும்போது காரின் முன்பக்கம் கொஞ்சம் எழுவது இயல்பு. சங்கிலி விறைத்தும் இன்ஜின், அதைத் தாங்கும் மவுண்டிங்கை விட்டுப் பிரியவில்லையென்றால், உடனே நிறுத்தி, கொஞ்சம் இறக்கி, டார்ச் அடித்துத் தேடுங்கள். கை இடுக்கில் போகவே கூடாது. ஆட்டத்தை நிறுத்த ஒரு நீளக் கட்டை போதும்.

முன்சக்கர டிரைவ் கார்கள் சிலவற்றில் கியர்பாக்ஸோடு சேர்த்துக் கீழ்வழியாகத்தான் இன்ஜினை எடுக்க வேண்டும். மேனுவலைப் பார்க்காமல் பானெட் வழியாகத் தூக்காதீர்கள்.

வெளியே வந்ததும் கிரேனை நகர்த்துவதற்கு முன் இன்ஜினைத் தரையோடு ஒட்டி இறக்கிக்கொள்ளுங்கள். மழை வந்துவிட்டது, மீதி நாளைக்கு என்று தொங்கவிட்டுப் போகாதீர்கள். கிரேனின் ஹைட்ராலிக் சீல் கசிந்தால் இரவோடு இரவாக அது இறங்கிவிடும். கட்டை அடுக்கியோ ஸ்டாண்டில் மாட்டியோ உட்கார வைத்த பிறகு வீட்டுக்குள் போங்கள்.