புதுக் கத்தியை முதல் வாரத்திலேயே பாழாக்கும் வழிகள்

பட்டறையில் அடித்து வாங்கிய புதுக் கத்தி கைக்கு வந்ததும் நம்மவர்கள் செய்கிற முதல் காரியம், கட்டைவிரலைக் குறுக்கே வைத்து வாய் (வெட்டும் விளிம்பு) எப்படி இருக்கிறது என்று தடவிப் பார்ப்பது. அடுத்தது, செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்து ஒரு இழுப்பு. சரசரவென்று கிழிந்தால் "சூப்பர் கத்தி", நடுவில் சிக்கினால் "ஏமாத்திட்டான்". இரண்டுமே அவசரத் தீர்ப்பு. தாள் கிழிவது கடைசியாகச் சாணை பிடித்தவரின் கைப்பதத்தைக் காட்டும். இரும்பின் தரத்தைக் காட்டாது. தகரத்தைக்கூடப் பொறுமையாகத் தீட்டினால் தாள் கிழிக்கும். நாலு நாள் மீன் அரிந்த பிறகும் கிழிக்கிறதா என்பதுதான் கேள்வி.

இங்கே பேசுவது மடக்காத கத்தியைப் பற்றி. அலகும், பிடிக்குள் போகும் வாலும் ஒரே இரும்பு, வாலின்மேல் மரப் பிடி. காசிமேட்டில் மீன் வெட்டுவோர் கையிலும், ராயபுரம், வண்ணாரப்பேட்டை வீடுகளிலும் இருப்பது இந்த வகைதான். பெரும்பாலும் லாரிப் பட்டையிலோ (லாரிக்கு அடியில் குலுக்கல் தாங்கும் வில் தகடு) தேய்ந்த அரத்திலோ அடித்தது. கடையில் கிடைக்கும் எவர்சில்வர் கத்தி அல்ல. அதனால் துருப்பிடிக்கும், கறுக்கும், ஆனால் ஒழுங்காகச் செய்திருந்தால் வாய் நிற்கும். வட சென்னைக்கு இதில் கூடுதலாக இரண்டு தொல்லைகள்: காற்றில் வருகிற கடல் உப்பு, போர் தண்ணீரில் வருகிற நில உப்பு. மற்ற ஊர்களில் ஒரு மாதம் தாங்கும் அலட்சியத்தை இங்கே கத்தி ஒரு ராத்திரிகூடத் தாங்காது.

கனத்தைப் பார்த்து மயங்குவது

"கையில எடுத்தா வெயிட்டா இருக்கணும்" என்று கேட்டு வாங்குவது முதல் தவறு. முதுகு 5 மில்லிமீட்டர் தடித்த கத்தி எலும்பு உடைக்கச் சரி. அதே கத்தியை கேரட்டில் வைத்தால் பாதி தூரம் வெட்டும், மீதியை ஆப்பு அடித்ததுபோல 'டக்'கென்று பிளக்கும். வஞ்சிரத் துண்டு போட்டால் சதை நசுங்கி விளிம்பு நார்நாராக நிற்கும். வெட்டு நயத்தைத் தீர்மானிப்பது முதுகின் தடிமன் அல்ல; வாய்க்குச் சற்று மேலே, தீட்டிய சரிவு தொடங்கும் இடத்தின் தடிமன். அங்கே வெர்னியர் அளவுகோல் வைத்துப் பாருங்கள். காய்கறிக்கும் மீன் சதைக்கும் 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் போதும். முள், எலும்பு என்று ஓங்கி வெட்டுவதற்கு 0.8 முதல் 1 மில்லிமீட்டர் வேண்டும். இரண்டையும் ஒரே கத்தியில் கேட்டால் பட்டறைக்காரர் தலையாட்டுவார். கிடைப்பது இரண்டுக்கும் உதவாத ஒன்று.

பளபளப்பும் இதே கதைதான். கண்ணாடி மாதிரி பஃப் போட்ட அலகில் சுத்தியல் தடம், வெப்பக் கறை, சின்ன விரிசல் எல்லாம் மறைந்துவிடும். அலகின் மேல்பகுதியில் உலைக் கருப்பு அப்படியே இருந்தால் அது குறை அல்ல. துரு வருவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தவும் செய்யும். அலகில் அலை அலையாகக் கோலம் போட்டதை "டமாஸ்கஸ்" என்று அதிக விலைக்குத் தள்ளுவதும் உண்டு. தகட்டின்மேல் அமிலத்தால் வரைந்த கோலம் என்றால் இரண்டு தடவை உப்புத்தாள் தேய்த்ததும் போய்விடும். அடுக்கடுக்காக இணைத்து அடித்தது என்றால் கோலம் வாய் வரைக்கும், முதுகின் மேலேயும் தொடர்ந்து ஓடும். கொடுமணல் அகழாய்வில் தடயம் கிடைத்த நம் பழைய மூசை உருக்கு (மண் குடுவையில் உருக்கிய எஃகு) வேறு சங்கதி. அதன் கோலம் அடுக்கியதால் வருவது அல்ல, உருக்கு உறையும்போதே உள்ளே அமைவது. மூன்றையும் ஒரே பெயரில் விற்பவரிடம் கோலத்துக்காகக் காசு கொடுக்காதீர்கள்.

"லாரிப் பட்டை சார், ஆயுசுக்கும் வரும்"

பட்டை நல்ல இரும்புதான். ஆனால் அது வளைந்து நிமிர்வதற்காகப் பதப்படுத்தியது, வாய் நிற்பதற்காக அல்ல. கிரைண்டரில் கத்தி வடிவத்துக்கு வெட்டி மட்டும் கொடுத்தால் வாய் சீக்கிரம் மடியும். உலையில் சிவக்கக் காய்ச்சி அடித்திருந்தால் பழைய பதம் முழுக்கப் போய்விட்டிருக்கும். புதிதாகத் தோய்ச்சல் போட்டே ஆக வேண்டும், அதாவது காய்ச்சிச் சட்டென்று முக்கிக் கடினமாக்க வேண்டும். ஆகவே விலை பேசுவதற்கு முன் கேட்க வேண்டியது இது: "அண்ணே, எண்ணெயில தோய்ச்சீங்களா, தண்ணியிலயா? அதுக்கப்புறம் இளஞ்சூடு காட்டினீங்களா?" பட்டை இரும்பைத் தண்ணீரில் தோய்த்தால் மயிரிழை விரிசல் விடும் வாய்ப்பு அதிகம். தோய்த்துவிட்டு மறுபடி 200 டிகிரி செல்சியஸ் அளவில் ஒன்றிரண்டு மணி நேரம் வைக்காவிட்டால் கத்தி கண்ணாடிபோல உடையும். சுத்தமாகத் தேய்த்த அலகில் அந்தச் சூடு வைக்கோல் மஞ்சள் நிறமாகத் தெரியும்.

விரிசல் தோய்ச்சலில் மட்டும் வருவது இல்லை. துறைமுகச் சாலையில் கன்டெய்னர் சுமந்து பல வருடம் குலுங்கிய பட்டையில் அது முன்னாலேயே இருக்கலாம். கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு. அலகைத் துடைத்து மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விடுங்கள். பிறகு ஈரமே இல்லாமல் துடைத்து, சுண்ணக்கட்டிப் பொடியை மெல்லத் தூவிப் பரப்புங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் வெளியே கசிந்து வெள்ளைப் பொடியில் ஈரக் கோடு ஒன்று இழுக்கும். வாயிலிருந்து முதுகை நோக்கிப் போகிற கோடு என்றால் அந்தக் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சாணை பிடித்து அதைச் சரிசெய்ய முடியாது.

கடினம் பார்க்க ஆணியை வெட்டுவதும், தேங்காய் ஓட்டில் ஓங்கிப் போடுவதும் சோதனை ஆகாது. அப்படி அடித்தால் எந்தக் கத்தியின் வாயும் போகும்; போனபின் கத்தி சரியில்லை என்று சொல்வதில் நியாயம் இல்லை. இதற்கு 6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி ஒன்று போதும். அதை மேசை விளிம்பில் அசையாமல் பிடித்துக் கட்டுங்கள். கத்தியைக் கம்பியின்மேல் படுக்க வைத்து, முதுகைத் தீட்டும் கோணம் அளவுக்கு மட்டும் தூக்கி, மெதுவாக அழுத்துங்கள். எதிரே விளக்கு இருந்தால், கம்பி படும் இடத்தில் வாய் இம்மியளவு புடைத்துக் காட்டுவது தெரியும். அப்படியே வாயை நெடுக இழுத்துக்கொண்டு போங்கள். அழுத்தம் எடுத்ததும் புடைப்பு மறைந்தால் தோய்ச்சல் சரி. மடிந்தபடியே நின்றால் மென்மை. பொடிப்பொடியாகத் தெறித்தால் கடினம் கூடிவிட்டது, இளஞ்சூடு போதவில்லை. பிடியை ஒட்டிய குதிகாலிலிருந்து முனை வரை மூன்று இடத்திலாவது பாருங்கள். முனைதான் மெல்லியது, கிரைண்டரில் முதலில் வெந்துபோவதும் அதுதான்.

முதல் வாரத்தில் வாய் கொஞ்சம் மடிந்தால் உடனே திட்டிவிட வேண்டாம். உலையில் காயும்போது இரும்பின் மேல்தோல் அதிலுள்ள கரியை (கார்பனை) இழந்து மென்மையாகிவிடும். அந்தத் தோல் முழுக்கத் தேயாமல் வாயில் மிச்சம் இருக்கலாம். இரண்டு மூன்று தடவை கல்லில் தீட்டினால் அது போய், உள்ளே இருக்கும் நல்ல இரும்பு வெளியே வரும். மூன்றாவது தீட்டலுக்குப் பிறகு எப்படி நிற்கிறதோ, அதை வைத்துத்தான் கத்தியை எடைபோட வேண்டும்.

சக்கரத்தில் கொடுப்பது

தெருவில் சைக்கிள் சாணைக்காரர் வந்ததும் புதுக் கத்தியை நீட்டுவது வழக்கமாகிவிட்டது. சக்கரத்தில் தப்பு இல்லை, சூட்டில்தான் தப்பு. உலர்ந்த சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் தீப்பொறி பறக்கிற நேரத்திலேயே வாயோரம் நீலம் பூக்கும். நீலம் என்றால் கிட்டத்தட்ட 300 டிகிரி. 200இல் காட்டிய பதம் அங்கே போய்விட்டது என்று பொருள். அந்த நீலத்தை உப்புத்தாளில் தேய்த்து மறைத்தாலும் மென்மை அப்படியே இருக்கும். 1, 2 மில்லிமீட்டர் அலகைத் தேய்த்துக் குறைத்தால்தான் நல்ல இரும்பு கிடைக்கும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் பக்கத்தில் தண்ணீர் வாளி வைத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முக்கு முக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் தீட்டுவது அதைவிடச் சுலபம். சாணைச் சக்கரம் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல் ஆலை திருவொற்றியூரிலேயே இருக்கிறது. ஒரு பக்கம் கரடும் மறுபக்கம் மென்மையுமான கல் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். புதுக் கத்திக்குக் கரடுப் பக்கமே வேண்டாம். கோணத்தைக் கண்ணால் ஊகிக்காமல் அளந்துகொள்ளுங்கள்: அலகு 40 மில்லிமீட்டர் அகலம் என்றால், முதுகைக் கல்லிலிருந்து 10 மில்லிமீட்டர் தூக்கினால் ஏறத்தாழ 15 டிகிரி, 14 தூக்கினால் 20 டிகிரி. மீன் சதைக்கு 15, வீட்டுப் பொது வேலைக்கு 20. 10 மில்லிமீட்டர் மரச்சில் ஒன்றை முதுகுக்கு அடியில் வைத்து முதல் பத்து இழுப்பு இழுத்தால் கை அந்த உயரத்தைப் பழகிக்கொள்ளும். ஒரு பக்கம் தீட்டியதும் மறுபக்கத்தில் நகத்தில் உரசுகிற பிசிறு வாய் முழுக்க வர வேண்டும். வராமல் பக்கம் மாற்றுவதுதான் "தீட்டித் தீட்டியும் கூர் வரல" என்பதற்குக் காரணம். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில், முதுகு முன்னே போகும்படி இருபது தடவை இழுத்தால் பிசிறு போய்விடும்.

கறையும் துருவும்

வெங்காயம் வெட்டியதும் அலகு கறுத்தால் பலரும் பயந்து ஸ்டீல் நார் போட்டுத் தேய்க்கிறார்கள். அந்தக் கறுப்பும் சாம்பல் நீலமும் கத்திக்குக் கவசம். வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்: துணியில் செம்பழுப்பு ஒட்டினால் துரு, ஒட்டாவிட்டால் கறை. கறையை விட்டுவிடுங்கள். துருவை அன்றைக்கே எண்ணெய் தொட்ட நைஸ் உப்புத்தாளில் எடுங்கள். முதல் வாரத்தில் மாங்காய், எலுமிச்சை, வாழைக்காய் வெட்டாமல் மீனும் கறியும் வெட்டினால் கறை சீராகப் படியும். பிறகு வெங்காயம் கறுக்கிற தொல்லையும் குறையும். புளி போட்டுத் துலக்குவது பித்தளைச் செம்புக்குத்தான். கத்தியில் போட்டால் கவசம் போய் மறுநாளே சிவக்கும்.

கழுவுகிற தண்ணீர் விஷயத்தில் வட சென்னைக்காரர்கள் கொஞ்சம் கவனம் வைக்க வேண்டும். போர் தண்ணீரில் கழுவினாலும் கடைசி ஒரு குவளை மெட்ரோ தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றி உப்பை இறக்குங்கள். சிங்க்கில் காயவிடாமல் உடனே துணியால் துடையுங்கள். அதன்பின் இரண்டு சொட்டு தேங்காயெண்ணெய், விரலால் அல்ல, துணியால். நல்லெண்ணெய் தடவினால் நாளாக ஆகப் பிசுபிசுத்துத் தூசி ஒட்டும். தேங்காயெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் பிசுக்காகாது.

எண்ணெய் தடவிவிட்டோமே என்று தோல் உறையில் போட்டு மூடிவைப்பதுதான் பெரிய தவறு. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிட்ட உப்பும் அதில் மிச்சம் இருக்கும். உறை எடுத்துக்கொண்டு போவதற்கு மட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வேலை குறைந்து உறைக்குள்ளேயே கிடக்கும் கத்தி, வெளியே எடுக்கும்போது உறையின் தையல் ஓடிய வரிசையிலேயே புள்ளி புள்ளியாக அரித்திருக்கும். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வையுங்கள். ஐப்பசி மழையில் வாரம் ஒரு முறை பிரித்துப் பாருங்கள்.

பிடி

வாங்கும்போது பிடிக்கும் அலகுக்கும் நடுவே நகம் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் மீன் நீர் உள்ளே போகும், வால் துருப்பிடித்து வீங்கும், ஆறே மாதத்தில் ஆணி ஆடும். உருக்கிய தேன்மெழுகைச் சொட்டி அந்த இடுக்கை அடைக்கலாம். பூண் (உலோக வளையம்) போட்டு அரக்கு வைத்து இறுக்கிய பழைய முறைப் பிடி என்றால் கொதிநீரில் போடவே கூடாது. அரக்கு இளகி, வேலைக்கு நடுவே அலகு கையோடு சுழலும். மரத்துக்கு லின்சீட் எண்ணெய் பூசுகிறவர்கள் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

கொண்டுபோவது பற்றி ஒரே ஒரு வரி: மெட்ரோ ரயிலில் பை சோதனை உண்டு, கத்தி உள்ளே போகாது, பட்டறையிலிருந்து வருகிற அன்றைக்கு அட்டை சுற்றிப் பையின் அடியில் வைத்து பஸ்ஸிலோ வண்டியிலோ வாருங்கள், இடுப்பில் செருகிக்கொண்டு அல்ல.

மூன்று தீட்டல் ஆன பிறகும் பித்தளைக் கம்பியில் வாய் மடிகிறது என்றால் பட்டறைக்குத் திரும்பக் கொண்டுபோகலாம். "சரியில்ல" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த இடத்தில் மடிகிறது, எங்கே தெறிக்கிறது என்று மார்க்கர் பேனாவால் அலகிலேயே கோடு போட்டுக் காட்டுங்கள். மறுதோய்ச்சலுக்குப் பிடியைக் கழற்றியாக வேண்டும். அரால்டைட் போட்டு ஒட்டியிருந்தால் உடைத்துத்தான் எடுக்க முடியும். புதுப் பிடிக்கான கூலி யார் பொறுப்பு என்பதை அலகு உலைக்குள் போவதற்கு முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள்.